தவளைக்கு மாப்பிள்ளை வீடு பார்த்தது

தோட்டத்துச் சாமியின் சீடர்களில் தங்கப்பூதான் கோபக்காரி. சாமியைவிட நாலு வயது மூத்தவள். மடத்துத் தோட்டம் அவள் பொறுப்பு. பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் தேரை உட்கார்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியில் தலைப்பிரட்டைகள் நெளியும். வாழைப் பாத்தியில் தவளைகள் தாவும். அந்தப் பக்கம் யாரையும் கால் வைக்க விடமாட்டாள்.

ஒருநாள் காலை பக்கத்து ஊர்த் தலைவர் சடையாண்டி நாலு பேரோடு வந்தார். கையில் ஓலைக் கூடை. கூடைக்குள் மஞ்சள் துணி.

“ரெண்டு வருசமா மழை இல்ல, சாமி. தவளைக் கல்யாணம் வச்சிருக்கோம். மாப்பிள்ளை கிடைச்சிட்டான். குழாயடியில ஒத்தையா ஒண்டிக் கெடந்தான். பொண்ணுதான் ஊர் முழுக்கத் தேடியும் இல்ல. இங்க கத்துறது எங்க ஊர் வரைக்கும் கேக்குது.”

“கத்துறது ஆம்பளைத் தவளை. பொட்டை வாயத் திறக்காது,” என்றாள் தங்கப்பூ வெடுக்கென்று.

“எங்க வீட்டுல மாத்தியில்ல இருக்கு!” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

தங்கப்பூ சிரிக்கவில்லை.

“மிளகாய்க்கு வாரம் தவறாம மருந்தடிச்சு உங்க ஊர்த் தவளைகளக் கொன்னீக. இப்ப என் தோட்டத்துக்குக் கூடையத் தூக்கிட்டு வாறீகளா? ஒண்ணு தரமாட்டேன். நடங்க!”

“இந்தாம்மா, ஊர் மழைக்குக் கேக்குறோம். வாய அடக்கிப் பேசு!” என்றார் சடையாண்டி.

சாமி எழுந்தார்.

“பொண்ணு தர்றோம்.”

“சாமி!” என்றாள் தங்கப்பூ. “வளத்தவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?”

“மாப்பிள்ளை வீட்டைப் பாக்காமக் குடுத்துருவோமா? பொண்ணுக்குத் தாய் நீதான். கிளம்பு.”

வெயிலில் சடையாண்டியின் ஊருக்கு நடந்து போனார்கள். குழாயடியில் சிமெண்டுத் தரை கொதித்தது. ஈரச் சாக்குக்கு அடியில் மாப்பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தான்.

“தண்ணி எப்ப வரும்?” என்று கேட்டார் சாமி.

“பத்து நாளைக்கு ஒருதரம்.”

“பொண்ணு என்ன சாப்பிடுவா?”

“பூச்சி, புழு…”

“அதுக்குத்தான மருந்தடிச்சோம்,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் ஒருவர்.

“பிள்ளை பெத்தா எங்க விடுவா? ஊருணி எங்க?”

சடையாண்டி ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டினார். “அதை மூடித்தான் கல்யாண மண்டபம் கட்டியிருக்கு. ஏசி மண்டபம், சாமி.”

சாமி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு தவளைக்கு இத்தனை கேள்வியா? என் மகளைக் கட்டிக் குடுக்கையிலகூட நான் இவ்வளவு கேக்கல!”

“கேட்டிருக்கணும்,” என்றாள் தங்கப்பூ. “பொண்ணு கிடையாது. மஞ்சத் துணியை மடிச்சு வைங்க.”

சாமி குனிந்தார். ஈரச் சாக்கைப் பிழிந்து துண்டை நனைத்து, மாப்பிள்ளையை அதில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இவனை நாங்க வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கிறோம்.”

“அப்ப எங்க ஊரு?” சடையாண்டி கத்தினார்.

“மண்டபத்துக்குப் பின்னால ஊருணியில பாதி இன்னும் மூடாமக் கெடக்கு. தூர் வாருங்க. மருந்தை நிறுத்துங்க. பேரன் பேத்திகளை நானே கொண்டாந்து விடுறேன்.”

தங்கப்பூவுக்குக் கோபம் தலைக்கேறியது. “என் குஞ்சுகளை இவுகளுக்கா? ஒருநாள் வெட்டுவாக, மறுநாள் குப்பையக் கொட்டுவாக. இவுகளை நம்பியா, சாமி?”

“நம்பல. அதான் உன்னை இங்க விட்டுட்டுப் போறேன்.”

“என்னையா? என் கோபம் தெரிஞ்சுமா?”

சாமி மண்வெட்டி ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

“தெரிஞ்சுதான். நீ கரையில நின்னாத்தான் இவுக ஆழமா வெட்டுவாக.”