பல் போன சக்கரம்

ஓடை பாயும் ஒரு காட்டில் விலங்குகளுக்கெல்லாம் ஒரே பித்து: ரிமோட் கார். காலையில் வெட்டவெளியில் பந்தயம், மாலையில் சண்டை. சண்டை வேறொன்றுமில்லை, குழந்தைகளே. சூறாவளி வண்டி உறுதியா, மின்னல் வண்டி உறுதியா என்பதுதான். அவற்றைச் செய்து விற்கிற கம்பெனிக்காரர்களை அங்கே யாரும் கண்டதில்லை. ஆனாலும் அவர்களுக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை.

சூறாவளிக் கட்சிக்கு மரநாய் தலைவன். அந்தக் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி உடைந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. நின்றுபோனால், "ஓட்டியவர் தவறு" என்றுதான் சொல்ல வேண்டும். மரநாயின் வண்டியில் மூன்று முறை பற்சக்கரம் தேய்ந்து பல் உதிர்ந்தது. மூன்றையும் அது யாருக்கும் தெரியாமல் நாவல் மரத்தடியில் புதைத்துவிட்டுப் புதிது மாட்டிக்கொண்டது.

ஒருநாள் காலை தாய் முயல் மூச்சிரைக்க வெட்டவெளிக்கு ஓடிவந்தது. அதன் வளை வாசலில் மலைப்பாம்பு. உள்ளே மூன்று குட்டிகள். வளைக்கு வேறு வழி கிடையாது. வாசல் குறுகல் என்பதால் பாம்பு தலையால் மண்ணை இடித்து இடித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

முயல் ஒரு யோசனையோடு வந்திருந்தது. தன் மார்பு மயிரைப் பிடுங்கி ஒரு வண்டியில் கட்டி ஓட்டினால், மணம் பிடித்துப் பாம்பு பின்னால் போகும். ஓடைவரை இழுத்துவிட்டால் குட்டிகள் முட்புதருக்குள் தப்பிவிடும். நடுவில் இருப்பது ஈர மணல்.

முள்ளம்பன்றி தன் மின்னல் வண்டியை நீட்டியது. "அக்கா, இது இரண்டு முறை உடைந்த வண்டி. ஈர மணலில்தான் உடைந்தது. இப்போது பித்தளைப் பற்சக்கரம் போட்டிருக்கிறேன். கனம் அதிகம், மெதுவாகத்தான் போகும்."

மரநாய் சிரித்தது. "உடைந்த வண்டியோடு உயிர் காக்க வந்துவிட்டார் ஐயா."

முயல் மரநாயின் பக்கம் திரும்பியது. "தம்பி, உன் வண்டி என்றைக்காவது உடைந்திருக்கிறதா? என் பிள்ளைகளை நினைத்துச் சொல்."

சுற்றிலும் கட்சிக்காரர்கள் நின்றார்கள். மரநாயின் கண் ஒருமுறை நாவல் மரத்துக்குப் போய் வந்தது.

"சூறாவளி உடைந்ததாகச் சரித்திரமே இல்லை, அக்கா."

பயந்தவருக்கு அழுத்தமான ஒரு சொல் போதும். முயல் சூறாவளியை வாங்கிக்கொண்டு ஓடியது.

புதருக்குப் பின்னால் பதுங்கி ரிமோட்டை அழுத்தியது. வண்டி சீறிப் பாய்ந்தது. பாம்பு தலையை வெளியே இழுத்தது, நாக்கை நீட்டி மணம் பார்த்தது, பிறகு வண்டியைத் தொடர்ந்தது. பத்தடி. இருபதடி. வளை வாசலில் மூன்று சிறு மூக்குகள் தெரிந்தன.

ஈர மணலில் வண்டி நின்றது.

மோட்டார் கிறீச்சிட்டது, சக்கரம் சுழலவில்லை. முயல் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தது. பாம்பு மயிரை முகர்ந்தது. அதில் சதை இல்லை. மெல்லத் தலையைத் திருப்பியது. வளைக்கும் புதருக்கும் நடுவே குட்டிகள் விறைத்து நின்றன.

முயல் ரிமோட்டைக் கீழே போட்டது. வண்டி போகவேண்டிய பாதையில், பாம்பின் கண்ணெதிரே, தானே ஓடியது. பாம்பு தன்னை விட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்று மெதுவாகவே ஓடியது.

குட்டிகள் முட்புதருக்குள் போய்ச் சேர்ந்தன. முயல் திரும்பி வரவில்லை.

மாலையில் நாவல் மரத்தடியில் கூட்டம் கூடியது. நடந்ததைக் குட்டிகள் சொல்ல எல்லோரும் கேட்டார்கள். மரநாய் மணலிலிருந்து எடுத்துவந்த தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "ஓட்டியவர் தவறு" என்றது. கட்சிக்காரர்கள் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

கடைசிக் குட்டி முன்னால் வந்தது. "அம்மா ஓடினாள். வண்டிதான் ஓடவில்லை."

முதலில் கீரி எழுந்துபோய்த் தன் புற்றடியில் மண்ணைக் கிளறியது. பிறகு அணில் போனது. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கிளறிய குழிகளிலெல்லாம் பல் போன சக்கரங்கள்.

நாவல் மரத்தடியை மட்டும் யாராலும் தோண்ட முடியவில்லை. மரநாய் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

நீதி: குறையை மறைத்துக் காத்த பெயர், ஆபத்தில் யாரையும் காக்காது.