கை இறங்காத சட்டை

குருவிக்குளத்து அண்ணன் தம்பி மூவரையும் முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். சொல்லாததைச் செய்யவே மாட்டார்கள். உலகத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மூத்தவர் ஆவுடையப்பனுக்கு முப்பத்தேழு வயது. நான்கு வீட்டில் பெண் பார்த்து, நான்கு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஐந்தாவது வீடு. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் பொண்ணே பாக்க மாட்டேன்" என்று ஒரு மூச்சு அழுதார். எனக்கே சங்கடமாக இருந்தது.

தம்பிகள் கொம்பையாவும் மந்திரமூர்த்தியும் கூடிப் பேசி, குற்றம் அண்ணன்மேல் இல்லை, சட்டைமேல்தான் என்று கண்டுபிடித்தார்கள். கடைத்தெருவில் ஸ்டெல்லா என்ற டிசைனர் இருந்தாள். உடுப்பை முதலில் படமாக வரைந்து, பிறகு துணி வெட்டித் தைப்பாள். அவளிடம் போனார்கள்.

"பத்து நாள் ஆகும்ணே" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு சட்டைக்குப் பத்து நாளா? கைக்கு ரெண்டு ஓட்டை, தலைக்கு ஒரு ஓட்டை. இதுல என்ன இருக்கு?" என்றான் மந்திரமூர்த்தி. "நாங்களே வீட்ல தச்சுக்கிடுதோம். வழியை மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா நல்லவள். சிரிக்காமல் சொன்னாள். "அளவெடுக்கும்போது அண்ணாச்சியைக் கையை விரிச்சு நிக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவை அளந்துட்டுத்தான் கத்தரியைத் தொடணும். முதல்ல பழைய துணியில தச்சுப் பாருங்க. காலர் நிமிந்து நிக்கணும்னா உள்ள விறைப்பா கேன்வாஸ் துணி வைங்க."

செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றில் அண்ணனின் இடுப்பைச் சுற்றி அளந்தார்கள். முப்பத்தாறு அங்குலம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு இரண்டாவது தடவை அளந்தார்கள். முப்பத்தெட்டு. வீட்டில் பெரிய விவாதம் மூண்டது.

"ரெண்டையும் கூட்டணுமோ?" என்றான் கொம்பையா.

"கூட்டினா அண்ணனோட நாமளும் உள்ள போயிரலாம். அது முறையில்ல" என்றான் மந்திரமூர்த்தி. "இடது பக்கம் காலை அளவு. வலது பக்கம் மத்தியான அளவு. எந்த அளவுக்கும் மனக்குறை இருக்காது."

அடுத்தது பழைய துணி. வீட்டில் சட்டை தைக்கிற அளவுக்கு இருந்த ஒரே பழைய துணி, ஆவுடையப்பனின் நீலச் சட்டைதான். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மறுபடியும் சட்டையாகத் தைத்தார்கள். ஒரு கை மட்டும் வரவில்லை.

"பாத்தியா, முதல் தடவையிலேயே முக்கால் சட்டை வந்திருச்சு" என்றான் கொம்பையா.

"வெட்டுறதுக்கு முன்னாடி முழுச் சட்டையால்லா இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

"அது எவனோ தச்சது. இது நாம தச்சது."



பிறகு புதுத் துணி. கொம்பையா நன்றாக யோசித்து ஒன்று சொன்னான். "கையகலக் கேன்வாஸுக்கே காலர் நிமிந்து நிக்குதுன்னா, சட்டை முழுக்க வச்சா அண்ணனே நிமிந்து நிப்பாரே!" முதுகு, நெஞ்சு, இரண்டு கை, எல்லா இடத்திலும் கேன்வாஸ் ஏறியது. அளவு தவறக்கூடாது என்பதற்காக அண்ணன் உடம்பில் இருக்கும்போதே கையூசியால் தைத்தார்கள். மூன்று இடத்தில் குத்தியது. பித்தான்களை இரண்டு பக்கத் துணியையும் சேர்த்துப் பிடித்து இறுக்கித் தைத்துவிட்டார்கள். அண்ணனும் செவ்வாய்க்கிழமை அளவெடுத்தபோது நின்ற மாதிரியே கையை விரித்தபடி நின்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. ஆவுடையப்பன் கையை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

"ஸ்டெல்லாம்மா விரிக்கத்தான் சொல்லிச்சு. இறக்கச் சொல்லலியே" என்றான் மந்திரமூர்த்தி.

வெள்ளிக்கிழமை அண்ணனைப் பக்கவாட்டில் பஸ் ஏற்றி, பெண் வீட்டுக்குள்ளும் பக்கவாட்டில் நுழைத்தார்கள். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு நிறைந்துவிட்டது. பெண் பேச்சிக்கனி காப்பி கொண்டுவந்தாள். கொம்பையா டம்ளரைத் தூக்கி அண்ணன் வாயில் ஊற்றினான்.

"மாப்பிள்ளைக்கு என்ன, சுளுக்கா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது வீடும் போயிற்று என்று நினைத்து உள்ளதைச் சொன்னார். "சட்டைங்கறது லேசுன்னு நெனச்சு வீட்லயே தச்சோம் மாமா. ஸ்டெல்லா தச்ச சட்டையில மனுசன் உக்காரலாம், எந்திரிக்கலாம், குனியலாம். நிக்கிறவனை அளந்து, நடக்கிறவனுக்குத் தைக்காளே, அது எப்பேர்ப்பட்ட மூளை! எனக்கு நேத்திலேருந்து முதுகு அரிக்குது. சொறிய வழியில்ல."

பேச்சிக்கனி சிரித்தாள். ஏளனமாக இல்லை, சொந்தக்காரி சிரிக்கிற மாதிரி. "நானும் வீட்ல ஆறு மாசமா ஒரு ஜாக்கெட் தச்சேன். போடும்போதுதான் கழுத்து வைக்க மறந்தது தெரிஞ்சுது. ஸ்டெல்லா மாதிரி ஆளுங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"கும்பிடணும்னுதான் எனக்கும் ஆசை. கை வரலியே" என்றார் ஆவுடையப்பன்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்குப்பா" என்றாள் பேச்சிக்கனி.

மூவரும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஸ்டெல்லா கடைக்கு ஓடினார்கள். கல்யாணச் சட்டையை இனி அவள்தான் தைக்க வேண்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி என்றார்கள். ஸ்டெல்லா ஆவுடையப்பனைச் சுற்றி வந்து பார்த்தாள். "முதல்ல இதைப் பிரிச்சு அண்ணாச்சி கையை இறக்குவோம்" என்று கத்தரியை எடுத்தாள்.

தம்பிகள் இருவரும் பாய்ந்து தடுத்தார்கள்.

"கைய இறக்கிராதீங்கம்மா!" என்று அலறினான் கொம்பையா. "பொண்ணு அண்ணனை இப்படிப் பாத்துத்தான் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கு. கையை இறக்கிட்டு மணவறையில போய் நின்னா, இது வேற மாப்பிள்ளைன்னு சொல்லிராதா? கல்யாணச் சட்டையும் இதே மாதிரி விரிச்ச கையோட வேணும்."

ஸ்டெல்லா கத்தரியைக் கீழே வைத்தாள். "சரிண்ணே, விரிச்ச கையோட தாலி எப்படிக் கட்டுவாரு?"

மூவரும் யோசித்தார்கள். கடைசியில் மந்திரமூர்த்தி முகம் மலர்ந்தது.

"அண்ணன் கயித்தோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கட்டும். மூணு முடிச்சுக்குப் பதிலா, பொண்ணு மூணு சுத்து சுத்திக்கிடட்டும்."