காய்ச்சல் வந்த பிள்ளைகள்

ஆறு பேரைப் புதைத்த இருபதாம் நாள், மூங்கிற்பட்டி ஊர்த்தலைவர் தீர்த்தகிரி மலையிறங்கி மடத்துக்கு வந்தார். அவருக்கு வயது அறுபத்து நான்கு. மடத்தை நடத்தும் எல்லம்மாளுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுக் காவி கட்டியவர். வயதில் மகளைப் போன்றவர்தான். ஆனாலும் தீட்சை கொடுத்தவர் என்பதால் தீர்த்தகிரி அவரைக் கும்பிடுவார், அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

வந்தவர் மடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து எல்லம்மாள் முன்னால் வைத்தார்.

"திருநீறு போட்டுக் கொடுக்கணும்மா."

"என்ன தாள்?"

"ஒண்ணு மனு. போலீஸ் எடுத்துட்டுப் போன துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கோம். பதினாலு துப்பாக்கி. சோளம் கதிர் புடிச்சிருச்சு, பன்னி விட்டு வைக்க மாட்டேங்குது."

"இன்னொண்ணு?"

"தீர்மானம். மாதப்பன் பொண்டாட்டியையும் மகளையும் ஊர்விலக்கு வைக்கிறதா. வெள்ளிக்கிழமை கூட்டம். ஊரே ஒரே பேச்சா இருக்கு."

எல்லம்மாள் தாள்களைத் தொடவில்லை.

"வேற என்ன?"

"ஒரு கேள்விம்மா. மாதப்பன் ஏன் திருவிழாவுல ஆறு பேரைச் சுட்டான்? இனிமே எந்தத் திருவிழாவிலயும் இப்படி நடக்காம இருக்க நாங்க என்ன செய்யணும்?"

"ஊர் என்ன சொல்லுது?"

"சில பேர் சாராயங்கறாங்க. சில பேர் பேய் புடிச்சிருச்சுங்கறாங்க. செல்போன்ல சுடுற விளையாட்டைப் பார்த்துக் கெட்டுட்டான்னுகூட ஒரு பேச்சு. அவன்கிட்ட செல்போனே கிடையாதும்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவன் பிறவியிலேயே விஷம்மா."

எல்லம்மாள் உள்ளே போய் விறகு வெட்டும் அரிவாள் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"மூணு நாள் இருங்க. விறகு வெட்டுங்க. இந்த அரிவாளைத் தவிர மடத்துல எதுவும் உங்களுக்குக் கிடையாது."

தீர்த்தகிரி தாள்களை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். பிறகு எல்லம்மாள் மடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இவர்கிட்ட யாரும் பேச வேண்டாம். இவர் பேசினா உங்க காதுல விழவும் வேண்டாம்."

தீர்த்தகிரிக்கு முதல் நாள் சிரிப்புத்தான் வந்தது. ஊர்விலக்கைப் பற்றி அவருக்கே பாடமா? கொல்லன் தெருவில் ஊசி விற்பதா? இதுவரை ஏழு பேருக்கு விலக்கைப் படித்தவர் அவர். பந்தியில் அவருக்கு இலை போடவில்லை. மதில்மேல் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள். ஊரிலும் அப்படித்தான் வைப்பார்கள். எடுத்துத் தின்றார்.

இரண்டாம் நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்தாள். மரத்தையோ மண்ணையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். "அம்மாடி, கொஞ்சம் கை கொடு" என்றார். அவள் திரும்பவில்லை. அன்று சாயங்காலம்வரை விறகை ஓங்கி ஓங்கி வெட்டினார். வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் சமையல்கட்டில் இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள். அது தன்னைப் பற்றித்தான் என்று தீர்த்தகிரிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அரிவாளோடு எழுந்தார். சமையல்கட்டு வாசல்வரை போய், திரும்பி, தோட்டத்துக்குள் நுழைந்தார். குலை தள்ளிய வாழையை வெட்டினார். அடுத்ததை வெட்டினார். ஐந்தாவது மரம் சாய்ந்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. வெட்டும்போது அவர் கண்முன்னால் நின்றவை வாழைகள் அல்ல.

எல்லம்மாள் வந்து சாய்ந்த மரங்களைப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆச்சு?"

மூன்று நாளில் ஒருவர் தீர்த்தகிரியிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மூணு நாள்மா."

"மாதப்பனுக்கு?"

"நாலு வருஷம்."

"என்ன குத்தத்துக்கு?"

தீர்த்தகிரி தலையைக் குனிந்தார்.

"பொங்கல் வைக்கிற வரிசையில தகராறு. கூட்டத்துல என் முன்னாடி இருந்த செம்பைத் தட்டி விட்டுட்டான்."

"செம்பு உடைஞ்சிருச்சா?"

"நெளிஞ்சுதும்மா."

தீர்த்தகிரிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, எங்க ஊர்ல ஏழு பேரை விலக்கி வச்சிருக்கோம். மத்த ஆறு பேரும் யாரையாவது சுட்டாங்களா? ஊரை விட்டுப் போனாங்க, இல்ல கால்ல விழுந்தாங்க. இவன் ஆறு உசிரைக் கொன்னுட்டுத் தானும் சுட்டுக்கிட்டுச் செத்தான். இவன் பாவியில்லையா?"

"பாவிதான். அதை நான் கழுவ வரலை. எல்லா வைக்கோல்போரும் எரியறதில்லை பெரியவரே. அதுக்காகப் போருக்கு அடியிலயா அடுப்பு மூட்டுவாங்க?"

"நாங்க என்ன அடுப்பு மூட்டினோம்?"

"திருவிழா அன்னைக்குத் துப்பாக்கி எல்லாம் எங்க இருந்தது?"

"எல்லைக்கு வெளிய, காவற்குடிசையிலம்மா."

மூங்கிற்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் மூன்று நாளும் ஊர் எல்லைக்குள் ஆயுதம் ஆகாது. பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கிகள் பதினான்கையும் எல்லைக்கு வெளியே உள்ள காவற்குடிசையில் வைத்துவிடுவார்கள். அதற்கு ஓர் ஆள் காவல் வேண்டும். திருவிழாவை விட்டுவிட்டு யார் போய்க் குடிசையில் உட்காருவான்? வரிசைப்படி போக வேண்டியவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு சாக்கு. ஊரில் திருவிழா இல்லாத மனிதன் ஒருவன்தான் இருந்தான், மாதப்பன். கையாலேயே ஜாடை காட்டி அவனை அங்கே உட்கார வைத்தார்கள். காவலும் ஆயிற்று, அவனும் ஊருக்குள் எட்டிப் பார்க்கமாட்டான், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தீர்த்தகிரியே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த யோசனையே அவருடையதுதான்.

"தண்ணியை நிறுத்தினீங்க. நெருப்பை நிறுத்தினீங்க. பேச்சை நிறுத்தினீங்க" என்றார் எல்லம்மாள். "துப்பாக்கியை மட்டும் தூக்கி மடியில வச்சீங்க."

"மூணு திருவிழா ஒழுங்காத்தானேம்மா காவல் இருந்தான். இப்படிச் செய்வான்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதா?"

அந்தக் கேள்வி வந்த விதம் தீர்த்தகிரிக்குப் பிடிக்கவில்லை. மரத்தடியில் கிடந்த குலையைப் பார்த்தார்.

"விலக்கி வச்சவன் பேசறதைக் காதுல வாங்கினவனுக்கு என்ன?" என்று கேட்டார் எல்லம்மாள்.

"அவனுக்கும் விலக்கு."

"அவன் இப்படிச் சொன்னான்னு இன்னொருத்தர்கிட்டச் சொன்னா?"

"காதுல வாங்கினதை ஒத்துக்கிட்டதா ஆயிரும்மா. அப்பவும் விலக்குத்தான்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சொல்வார்கள். மூங்கிற்பட்டியார் கெட்டிக்காரர்கள். அதற்கும் ஒரு மூடி செய்து வைத்திருந்தார்கள்.

"ஆறு பேரையும் புதைச்ச மறுநாள் மருந்துப்பெட்டியோட உங்க ஊருக்கு வந்தேன்" என்றார் எல்லம்மாள். "எல்லா வீட்டுக்கும் போனேன். பதினோரு வீட்டுல தாய்மாருங்க ஒரே மாதிரி சொன்னாங்க. 'நல்லவேளை தாயி, அன்னைக்கு எம்பிள்ளைக்குக் காய்ச்சல், கோயிலுக்கு அனுப்பலை'ன்னு. நானும் எத்தனையோ காய்ச்சலைப் பார்த்தவ. திருவிழா அன்னைக்குக் காலையில வந்து, சுட்டு முடிச்சதும் விட்டுப்போற காய்ச்சலைப் பார்த்ததில்லை."

தீர்த்தகிரி குலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க பேரனுக்கு அன்னைக்கு என்ன பெரியவரே?"

"காய்ச்சல்" என்றார். அது அவர் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. இருபது நாளாக எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லம்மாள் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை மூன்று நாளாகத் தின்றவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் தின்னச் சக்தி இல்லை.

"ஓடைக்குப் போற வழியில புளியமரம் ஒண்ணு இருக்கும்மா" என்று தொடங்கினார். "திருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடி அது பின்னால நின்னான். என்னைப் பார்க்கலை. மரத்தைப் பார்த்துத்தான் சொன்னான். 'மொத நாள் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வராதீங்க'ன்னான். ரெண்டு தரம் சொன்னான். நான் காது கேட்காத மாதிரி நடந்து போயிட்டேன். வீட்டுக்குப் போய், பேரனுக்கு உடம்பு சுடுது, வெளிய விடாதேன்னு மருமககிட்டச் சொன்னேன்."

"வேற யார்கிட்டச் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. நான் அவன் பேச்சை நம்பலைம்மா."

"நம்பாமத்தான் பேரனை வீட்டுல வச்சீங்களா?"

தீர்த்தகிரி வெட்டிப்போட்ட வாழைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். செத்த ஆறு பேரில் இரண்டு பேர் பிள்ளைகள். கோயில் தெரு வேடியம்மாளின் பேத்திகள், அக்காவும் தங்கையும். பெரியவளுக்கு ஒன்பது வயது. மாதப்பன் மரத்திடமும் கல்லிடமும் சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினான். கோயில் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை. விலக்கி வைக்கப்பட்டவன் அந்தத் தெருவை மிதிக்கக்கூடாது என்பது தீர்த்தகிரியே படித்த உத்தரவு. அந்த வீட்டுக்கு மட்டும் காய்ச்சல் போய்ச் சேரவில்லை.

"குழி வெட்டும்போது பதினோரு வீட்டு ஆம்பளைகளும் நின்னோம்" என்றார். "ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை. எனக்கு மட்டும்தான் தெரியும்னு நான் நினைச்சேன். அவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க போல."

அழுதார். துடைத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து தாள்களை எடுத்து, தீர்மானத்தைத் தேடிப் பிரித்து, நாலாகக் கிழித்துப் போட்டார். மனுவை மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"மாதப்பன் பொண்டாட்டி பிள்ளைக்கு விலக்கு வேண்டாம்மா. நான் பார்த்துக்கறேன். சரிதானே?"

"சரிதான். ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு அது பாதிப் பதில்."

"மீதி?"

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேரனைக் கூட வச்சுக்கிட்டு நில்லுங்க. எனக்குக் காது கேட்டுச்சு, நான் சொல்லாம இருந்தேன்னு சொல்லுங்க. இனிமே யார் என்ன சொன்னாலும், எந்த மரத்துக்கிட்டச் சொன்னாலும், வந்து சொல்றவனுக்கு விலக்கு இல்லைன்னு சொல்லுங்க."

தீர்த்தகிரிக்குக் கூட்டம் கண்முன் வந்தது. முன்வரிசையில் வேடியம்மாள் உட்கார்ந்திருப்பாள்.

"வேடியம்மா மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

"இருபது நாளா முழிச்சுட்டுத்தானே இருக்கீங்க?"

"சொன்னா ஊர் என்னைச் சும்மா விடாது. செத்தவங்க சொந்தக்காரங்ககூட ரெண்டாவதுதான். மத்த பத்து வீட்டுக்காரனும்தான் முதல்ல கையைத் தூக்குவான். தன் பேர் வெளிய வந்துடக்கூடாதுன்னு தூக்குவான். என்னையே ஊர்விலக்கு வச்சிருவாங்கம்மா."

"வைப்பாங்க" என்றார் எல்லம்மாள்.

தாளைக் கிழிக்கக் கீழே வைத்த அரிவாள் மறுபடி தீர்த்தகிரியின் கைக்கு வந்திருந்தது. விரல்கள் பிடியை இறுக்கியிருந்தன. எல்லம்மாள் குனிந்து, ஒவ்வொரு விரலாக விடுவித்து, அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதனாலதான் சொல்றேன் பெரியவரே. மலையேறுறதுக்கு முன்னாடி, மடியில இருக்கிற அந்த மனுவையும் கிழிச்சுப் போடுங்க."