எஸ்தருக்கு ஒரு பேண்ட்

"டீச்சர், கணக்கெல்லாம் சரி. பேண்ட்தான் தப்பு."

சொல்லிக்கொண்டே தாவீது அண்ணாச்சி பையை மேஜையில் கவிழ்த்தார்.

சட்டை தைப்பதில் பாளையங்கோட்டையில் அவருக்குப் பெயர் உண்டு. பேண்ட் வெட்ட மட்டும், ஐம்பதைத் தாண்டிய பிறகு, மகள் வயதுள்ள ரஹ்மத் டீச்சரின் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் இந்தப் பேண்ட்டால்தான்.

"யாருக்குத் தச்சது?"

"எஸ்தருக்கு. வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேசன் ஆச்சுல்லா. தினம் நடக்கலன்னா அப்படியே படுக்கையாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. சேலை காலைத் தடுக்குது. நைட்டியோட தெருவுல இறங்க மாட்டேங்கா. நடக்கதுக்கு ஒரு பேண்ட் தச்சுத் தாங்கன்னு அவளே கேட்டா, டீச்சர்."

"போட்டுப் பாத்தாங்களா?"

"ஒரு கால் தரையில இழுபடுது. முட்டிக்கிட்ட முறுக்குது. கழட்டிப் போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டா."

காக்கிப் பேப்பரில் அவர் வரைந்திருந்ததை டீச்சர் விரித்தார். இடுப்பு, சீட், தொடை, பாட்டம் என்று விரல் ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று போனது.

"வரைஞ்சதுல தப்பே இல்ல, அண்ணாச்சி."

"அப்ப?"

"அளவு எப்படி எடுத்தீங்க?"

அண்ணாச்சி பையிலிருந்து எஸ்தரின் பழைய சுடிதார் பேண்ட் ஒன்றை எடுத்தார். பெண்களுக்குத் தைப்பதென்றால் அளவுத் துணி வாங்கிக்கொள்வதுதான் அவர் கடை வழக்கம். பெண்கள்மேல் டேப் வைத்ததே இல்லை. அந்த மரியாதையைக் கட்டின மனைவிக்கும் கொடுத்துவிட்டார் மனுஷன்.

டீச்சர் பழையதை விரித்து, புதியதை அதன்மேல் வைத்தார். நூல் பிசகவில்லை.

"இதுக்குக் கச்சிதமா தச்சிருக்கீங்க. இதையே நடக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திட்டினாரா, பாராட்டினாரா? துணியை மாற்றச் சொல்கிறாரோ? வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார்.

தையல்காரர் குழம்பினால் முதலில் எலாஸ்டிக்கைத்தான் கும்பிடுவார். அண்ணாச்சியும் கும்பிட்டார். புதிதாக ஒன்று தைத்தார்: இழுத்தால் நீளும் துணி, இடுப்பில் எலாஸ்டிக், சீட்டில் கொஞ்சம் தாராளம்.

எஸ்தர் அதையும் போட்டுப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனாள். பேண்ட்டின் இடது நுனியை மிதித்துத் தடுமாறினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இனி தைக்க வேண்டாம். நான் நடக்கவும் வேண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி தாங்கியிருப்பார்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே டீச்சர் முன்னால் நின்றார்.

"விளையாடாதீங்க டீச்சர். எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. அவ இனிமே எந்திரிக்க மாட்டா போலிருக்கு."

டீச்சர் அந்தப் பழைய பேண்ட்டை வாங்கினார். நாற்காலியில் உட்கார்த்திவைத்தார். இரண்டு கால்களையும் பதமாகத் தொங்கவிட்டார். பிறகு குனிந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர் போல, அதனிடம் கேட்டார்.

"வழுக்கி விழுந்தது நீங்கதானாம்மா?"

அண்ணாச்சி பேண்ட்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி பேண்ட்டைப் பார்த்தார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவர் டீ வாங்கப் போயிருக்கிறார். வீட்டில் மருந்து போட மைத்துனி வந்தாள். அந்த இடுப்பை இன்றுவரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பயம். வேறொன்றுமில்லை.

பேண்ட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அளவெடுக்க வேண்டும் என்றதும் எஸ்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். அண்ணாச்சி தரையில் மண்டியிட்டு வலது பக்கம் அளந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை. எழுதிக்கொண்டார்.

இடது பக்கம் வந்தார். எலும்பு ஒரு பக்கமாக ஏறியிருந்தது. கால் குட்டையாகியிருந்தது. தழும்பு அவர் நினைத்ததைவிட நீளம்.

டேப் கையிலேயே நின்றுவிட்டது. எதைத் தொடுவது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எஸ்தர் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"நல்லா அழுத்திப் பிடிங்க," என்றாள். "வலி போயி ரொம்ப நாளாச்சு."