அரசன் இலையில் வேகாத அரிசி

முன்னொரு காலத்தில் கடலோர உப்பளநாட்டை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவான்.

மலைக்கு அப்பால் செங்காட்டுத் தலைவனும் மருதப்பாடித் தலைவனும் ஒரு கணவாய்க்காகச் சண்டை போட்டார்கள். இங்கே அரிசி விலை ஏறியது. எண்ணெய், விறகு விலை அதற்கு மேல் ஏறியது. ஏழை வீடுகளில் அடுப்பு எரிவதே அரிதாகிவிட்டது.

"மன்னா, சமாதானத் தூது அனுப்புங்கள்" என்றார் மந்திரி பூதனார்.

அவர்மேல் பொறாமை கொண்ட தளபதி வல்லபராயன் சிரித்தான். "எங்கோ இடி இடித்தால் மந்திரியாருக்கு இங்கே காய்ச்சல்! அவர்கள் அடித்துக்கொண்டு சாகட்டும், மகாராஜா. நமக்கென்ன?"

"அதானே!" என்றான் அரசன். "பூதனாரே, அந்தச் சண்டை என் இலைவரை வந்துவிட்டது என்று காட்டும். முடியாவிட்டால் உம் பதவி வல்லபராயனுக்கு."

"அப்படியே ஆகட்டும். நாளைய விருந்து என் பொறுப்பு. அந்தச் சண்டை தொடாததை மட்டும் பரிமாறுகிறேன்."

மறுநாள் அரசன் பசியோடு உட்கார்ந்தான். இலையில் ஒரு பிடி வேகாத அரிசி, கொஞ்சம் உப்பு, முழித்துப் பார்க்கும் ஒரு பச்சை மீன்.

"என்னய்யா இது?"

"நம் வயல் அரிசி, நம் கடல் மீன், நம் உப்பு."

"வேகவைக்கக் கூடாதா?"

"விறகு செங்காட்டிலிருந்து வரவேண்டும், மன்னா."

"மீனையாவது பொரித்திருக்கலாமே!"

"எள் மருதப்பாடியில் அல்லவா விளைகிறது? நெல்லும் அங்கிருந்து வந்தால்தான் நமக்குப் போதும். அதனால்தான் ஒரு பிடி."

அரசன் தளபதியைப் பார்த்தான். "வல்லபராயா, நீ சாப்பிட்டுக் காட்டு."

வல்லபராயன் தாடை வலிக்க மென்றான். "அ... அருமை, மகாராஜா!"

"அப்படியா? சண்டை முடியும்வரை உனக்கு இதே சாப்பாடு!"

"ஐயோ, இன்றே தூது அனுப்புங்கள்! நானே போகிறேன்!"

சபையே சிரித்தது. "போ" என்றான் அரசன். "ஆனால் பேசுவது பூதனார். நீ வாளை வைத்துவிட்டு அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நட."

போய்ப் பார்த்தால், செங்காட்டில் விறகு மலையாய்க் கிடந்தது, உலையிலிட அரிசி இல்லை. மருதப்பாடியில் நெல் குவிந்து கிடந்தது, எரிக்க விறகில்லை. இரு பக்கமும் குழந்தைகள் பட்டினி.

"கணவாய் யாருக்கு என்பதை அப்புறம் பேசுங்கள்" என்றார் பூதனார் தலைவர்களிடம். "முதலில் கணவாயில் மறித்து வைத்த வண்டிகளை விடுங்கள்."

பசித்த தலைவர்கள் தலையாட்டினார்கள். விலைகள் இறங்கின. அரசன் தன் முத்துமாலையைப் பூதனார் கழுத்தில் போட்டான்.

கணவாய் யாருக்கு? அதை அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வண்டிகளும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.