அஷ்டமியில் வந்த விருந்தாளி

நெடுநாளைக்கு முன்னே செங்காட்டு நாட்டை மகுடகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவருடைய மந்திரி தாண்டவராயர் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுவார். தன் வீட்டுக் கூரை ஒழுகுவதை ராஜாவிடம் சொல்ல மட்டும் சமயம் பார்த்துக்கொண்டேயிருந்தார். “புத்தியைக் கொடுத்த பிள்ளையார், அதை எப்போது எடுக்கணும் என்று சொல்லாமல் விட்டுட்டாரே!” என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார்.

மூன்று வருஷமாக மழை இல்லை. ராஜா யாகத்துக்கு மேல் யாகம் செய்தார். ஒருநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி மதகோ திறந்து கிடந்தது. வந்த தண்ணீரெல்லாம் கடலுக்கு ஓடியது. மதகை அடைக்க உத்தரவு கேட்டுக் குடியானவர்கள் அலறிக்கொண்டு வந்தார்கள்.

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் அரண்மனை ஜோசியர் ஏகாம்பரம் குறுக்கே வந்தார். “இன்று அஷ்டமி, நாளை நவமி. தொட்டது துலங்காது. தசமியன்று அடைக்கலாம்!”

“அதற்குள் ஏரி காலியாகிவிடுமே!” என்றார் தாண்டவராயர்.

“உமக்கு ஜாதகம் பார்க்கத் தெரியுமா?”

“தெரிந்திருந்தால் இந்த வேலைக்கு வந்திருப்பேனா?” என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினார்.

“மன்னா, யாகம் செய்து நீங்கள் அழைத்தீர்களே, அந்தப் பெரியவர் வாசலுக்கு வந்துவிட்டார். இன்று அஷ்டமி, தசமிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.”

“அட அறிவு கெட்டவரே! வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்புவதா? எங்கே அவர்?”

“கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.”

ராஜா செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு ஓடினார். அங்கே மழையைத் தவிர யாருமில்லை.

“எங்கேயய்யா?”

“உங்கள் கிரீடத்திலிருந்து மீசைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார், மன்னா! அவரை அழைக்க அஷ்டமியிலேயே ஓடி வந்துவிட்டீர்கள். தங்க இடம் கொடுக்க மட்டும் தசமியா?”

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தெய்வம் கொடுப்பதை நாள் பார்த்து வாங்க நினைத்தேனே, என்னைப் போல முட்டாள் உண்டா! ஓடுங்கள், மதகை அடையுங்கள்! ஜோசியரே, முதல் மண்கூடை உம் தலையில்தான்!”

சாயங்காலத்துக்குள் ஏரி தளும்பியது. ராஜா மந்திரியை அழைத்து, “நாட்டைக் காப்பாற்றினீர். என்ன வேண்டும், கேளும்” என்றார்.

இதுதான் தாண்டவராயர் பார்த்துக்கொண்டிருந்த சமயம். கூரை! சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் ராஜாவிடம் மொட்டையாகவா கேட்பது? ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் புகழிலிருந்து ஆரம்பித்தார். பாட்டனாரைத் தாண்டி அப்பாவிடம் வருவதற்குள் ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒன்றும் வேண்டாம், எங்கள் குலத்தின் புகழே போதும் என்கிறீர்! இப்படி ஆசையில்லாத மனிதரை நான் கண்டதே இல்லை” என்று அவருக்கு ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்திருந்த மனைவி உலகம்மை நடந்ததைக் கேட்டாள். “சாமி உங்களை வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. நீங்க கதவைத் தட்டாம, கதவுக்குப் பாட்டுப் பாடிட்டு வந்திருக்கீங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சால்வையைச் சுருட்டிக் கூரை ஓட்டையில் செருகினாள்.

தாண்டவராயர் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “பரவாயில்லையே, கேட்காமலே ராஜா கூரை கொடுத்துட்டாரே!” என்றார்.

வாயை மூடுவதற்குள் பட்டு ஊறி, முதல் சொட்டு அவர் மூக்கின் மேலேயே விழுந்தது.