முன்குதிரைக்காரர் தூக்கிய கை

வண்டியோட்டி என்றதும் உயரமான பலகையில் உட்கார்ந்து சாட்டை வீசுகிறவரை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை பிடிபடாது. வெண்குன்றத்து ராஜாவின் நாலு குதிரை வண்டியில் அப்படியோர் இருக்கையே கிடையாது. முன் ஜோடியில் இடது குதிரை மேல் ஒருவர், பின் ஜோடியில் இடது குதிரை மேல் ஒருவர் என இரண்டு பேர் சவாரி செய்தபடியே வண்டியை நடத்துவார்கள். முன்னால் கொண்டப்பன். பின்னால் ஐயாக்கண்ணு.

ஐயாக்கண்ணுவுக்குத் தன் இடத்தைப் பற்றிக் கர்வம் உண்டு. இருந்தால் என்ன தப்பு? வண்டியின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது பின் ஜோடிதான். இரண்டு குதிரைகளுக்கும் நடுவே வண்டியிலிருந்து நீளும் ஏர்க்கால் மரம் நசுக்கிவிடாதபடி, வலது காலில் முழங்கால்வரை இரும்புக் கவசம் பூட்டியிருப்பார். அரண்மனையிலேயே அவர் ஒருவருக்குத்தான் அது உண்டு. கடைவீதிக்குப் போனாலும் கழற்ற மாட்டார். டங் டங்கென்று சத்தம் கேட்டதுமே ஜனங்கள் சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று இருவரும் ஏர்க்காலைத் தொட்டு ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். முன்னவர் கையைத் தூக்கினால் பின்னவர் நிறுத்த வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பின்னவருக்குப் புழுதியில் பாதை தெரியாது. பாதை தெரிந்த முன்னவரால் தனியாக வண்டியை நிறுத்த முடியாது. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சத்தியத்தில்தான் வண்டி ஓடியது.

ராஜாவின் தங்கை வடிவாம்பாளுக்கு ஆற்றுக்கு அக்கரையில், மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். "அண்ணா வந்து பக்கத்தில் நின்றால்தான் கழுத்தை நீட்டுவேன்" என்று சொல்லியிருந்தாள். ராஜ்ய காரியம் இழுத்துவிட்டதில் ராஜா கிளம்பியதே முகூர்த்த நாள் காலையில்தான்.

அரண்மனை வாசலில் அவர் சொன்னார்: "ஐயாக்கண்ணு, வண்டி எங்கேயும் நிக்கக் கூடாது. வாக்குக் குடு."

முன்குதிரை மேல் இருந்த கொண்டப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். ஐயாக்கண்ணு காதில் அது ஏறவில்லை. "நிக்காது மகாராஜா. இந்தக் கால் மேல ஆணை!" என்று இரும்பைத் தட்டிக் காட்டினார்.

சொன்னபடியே பறந்தார்கள். ஆற்றுப் பாலத்தை நோக்கிப் பாதை சரிகிறது. முன்குதிரைகளின் குளம்பு பாலத்துப் பலகையில் பட்டதுதான் தாமதம், கொண்டப்பனின் கை மேலே போனது.

உள்ளேயிருந்து ராஜா, "ஓட்டு! ஓட்டு!" என்று கத்தினார். நிறுத்தினால் வாக்குப் போகும். நிறுத்தாவிட்டால் சத்தியம் போகும். மறுகணம் ஐயாக்கண்ணு உடம்பைப் பின்னால் சாய்த்துக் கடிவாளத்தை வாங்கி இழுத்தார். பாரம் தள்ளியதில் ஏர்க்கால் மோதி, காலிரும்பு நெளிந்தது. வண்டி நின்றுவிட்டது.

"குளம்போசை மாறியிருக்கு. பலகை சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கொண்டப்பன் பாலத்துக்கு அடியில் இறங்கினார். ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் கல்லாட்டம் இருந்தன. ராஜா வருகிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள்தான் பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தார்கள். புது மரத்தின் ஓசையைத்தான் அந்தப் பழகிய காது கெட்ட மரம் என்று எடுத்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் காலை முகூர்த்தம் தப்பிவிட்டது.

அழுதழுது கண் சிவந்திருந்த வடிவாம்பாளுக்கு, அண்ணன் பக்கத்தில் நிற்க, அடுத்த உச்சிவேளை முகூர்த்தத்தில் தாலி ஏறியது. அப்புறம் ராஜா இருவரையும் பந்தலுக்குக் கூப்பிட்டார்.

"உங்கள்ல தப்பு செஞ்சவன் இனி குதிரை ஏறக் கூடாது. யாருன்னு நீங்களே சொல்லுங்க."

கொண்டப்பன் முன்னால் வந்தார். "நல்ல பாலத்துக்குக் கை தூக்கினவன் நான். தப்பு என்னுது."

"இல்லண்ணே, விடுங்க" என்றார் ஐயாக்கண்ணு. "மகாராஜா, வாக்குக் குடுத்ததும் நான், பாலத்துல நிறுத்தினதும் நான். தப்பு எனக்குத்தான்."

ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள் என்றுதான் ராஜா காத்திருந்தார். இப்படிப்பட்ட இரண்டு பேர் தன் வண்டியில் இருக்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோபமும் இறங்கிவிட்டது. "நேரத்தோட கிளம்பாம, நிக்காதேன்னு வாக்கு வாங்கினவன் நான். அப்போ தப்பு என்னுதுதான்" என்றார்.

பரிசுக்குப் போட்டி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு தப்புக்கு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்: அந்தத் தப்பு யாருடையது? அது நடந்தது எந்த இடத்தில்?

பந்தலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வடிவாம்பாள் சொன்ன விடை இது. "கொண்டப்பன், சந்தேகம் வந்தா கை தூக்கறதுதான் உங்க வேலை; பாலம் நல்லா இருந்தது உங்க குத்தமில்ல. அண்ணா கேட்டது அவசரத்துல. அவசரக்காரங்க எதையும் கேப்பாங்க. ஐயாக்கண்ணு, தப்பு உங்களுதுதான். ஆனா பாலத்துல இல்ல, அரண்மனை வாசல்ல. வண்டி நிக்கறதும் நிக்காததும் முன்னவர் கையில இருக்கு. அவர் கையை நீங்க எப்படி வாக்காக் குடுக்கலாம்?"

ஐயாக்கண்ணு குனிந்து காலிரும்பின் வாரை அவிழ்க்கப் போனார்.

"கழட்டாதீங்க" என்றாள் வடிவாம்பாள். "வாசல்ல பேசினது வாய். பாலத்துல சத்தியத்தைக் காப்பாத்தினது அந்தக் கால்."

திரும்பும்போது ராஜா வண்டியில் ஏறி உட்கார்ந்து, முதல் தடவையாக முன்குதிரைப் பக்கம் எட்டிப் பார்த்து, "கொண்டப்பா, போகலாமா?" என்று கேட்டார். இரும்பில் விழுந்த நெளிவை ஐயாக்கண்ணு கடைசிவரை நிமிர்த்தவேயில்லை. அதோடுதான் கடைவீதியில் நடந்தார், முன்பைவிடச் சத்தமாக.